குவியலில் பச்சை ஈ

என் அக்கா புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் ஈயோட்டி. அந்தப் பெயரை வைத்த சமயத்தில் அவருக்கும் ஈக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருந்தார். கடை திறந்த கொஞ்ச நாளிலேயே நிறுத்தத்தை அடுத்த முனைக்கு மாற்றிவிட்டார்கள். ஜனமும் நிறுத்தத்தோடு சேர்ந்து போய்விட்டது. மாமா மட்டும் அடுக்கிவைத்த செருப்பைத் துடைப்பதும் மறுபடி அடுக்குவதும் வாசலைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். கடையை இழுத்து மூடிய பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. பெயர் என்ன செருப்பா, கழற்றி வாசலில் விட்டுவிட்டு வர?

நானும் அதைச் சொல்லிச் சிரித்தவள்தான். மச்சினி என்கிற உரிமையில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அவருக்குக் கோபமே வராது. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான். மனுஷனுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் வந்துவிட வேண்டும். வராமல் போனதால் அவருக்கு என்ன நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

நாங்கள் இருப்பது ஒரே வீட்டில். கீழே அக்காவும் மாமாவும், மாடியில் நானும் என் தையல் மெஷினும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பது என் பிழைப்பு. பின்பக்க ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருக்கிறேன். ஊசியிலிருந்து தலையைத் தூக்கினால் எங்கள் கொல்லை, அதன் கம்பி வேலி, வேலிக்கு வெளியே ஒரு மண்மேடு, மேட்டுக்கு அப்பால் குட்டை. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக் கொல்லையும் அந்தக் குட்டையில்தான் போய் முடிகிறது. எல்லா வீட்டிலும் வாத்து உண்டு. காலையில் திறந்துவிட்டால் ஒன்றாகக் குட்டையில் இறங்கும். சாயங்காலம் அதது வீட்டுக்கு அதது திரும்பிவிடும். மனுஷர்களைவிட ஒழுங்கு.

மாமாவின் கடை படுத்த பிறகு குடும்பத்தை நிமிர்த்தியது அக்காவின் வாத்துகள்தான். முட்டை வாங்க எங்கள் வரிசை மளிகைக்காரரே வீடு தேடி வருவார். எந்த வாத்து எப்படி நடக்கும், எது எந்த மூலையில் முட்டையிடும் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. இதற்கு முன் குடியிருந்த ஊரில் அவளுக்கு இதைவிடப் பெரிய பட்டி இருந்தது. ஒருநாள் பறவைக் காய்ச்சல் என்று சொல்லி, வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக ஆட்கள் வந்தார்கள். நோய் வந்தது எங்கோ ஒரு பண்ணையில், அள்ளியது அந்தத் தெரு முழுக்க. நன்றாகத் தின்று திரிந்துகொண்டிருந்த வாத்துகளை மூட்டையில் போட்டுக் கட்டினார்கள். மூட்டைகள் வண்டியில் ஏறிய பிறகும் அசைந்துகொண்டே இருந்தனவாம். அக்கா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அக்கா நாடினாள். இந்த வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் வாத்துதான் வாங்கினாள். ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது கையில் காகிதத்தோடு தெருமுனையில் நின்றால் போதும், போட்டது போட்டபடி கொல்லைக்கு ஓடிப்போய்ப் பட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

வாத்து குடிக்கிற தண்ணீரைவிட இறைக்கிற தண்ணீர் அதிகம். வைக்கோல் நனையும், எச்சம் ஊறும், அதில் ஈ முட்டையிடும். எங்கள் கொல்லையில் வாயைத் திறந்து கொட்டாவி விட முடியாத அளவுக்கு ஈ மொய்த்த காலம் உண்டு. ஒருநாள் பக்கத்து வீட்டு நர்ஸம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் வந்து நின்றாள்.

"அக்கா, நான் சண்டைக்கு வரலை. தொட்டிலுக்கு வலை கட்டினா வலைக்குள்ளேயும் ஈ. புள்ளைக்கு வயித்தால போறது நிக்கவே மாட்டேங்குது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சுகாதார ஆபீஸ்ல சொல்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை."

ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அதை மாமா பார்த்தார்.

"நீ வாத்தைப் பாரு. ஈயை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதுதான் அந்த வீட்டின் பாகப்பிரிவினை. வாத்து அக்காவுக்கு, ஈ மாமாவுக்கு. பட்டியில் எத்தனை வாத்து என்று அவர் எண்ண மாட்டார். எச்சத்தை எங்கே கொட்டுகிறார் என்று அவள் கேட்க மாட்டாள்.

மாமாவுக்கு அப்போது சந்தை வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை. மதியத்துக்கு மேல் போனால் போதும். காலை முழுக்கக் கொல்லையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். ஈ எங்கே உட்காருகிறது, எங்கே முட்டையிடுகிறது, புழு எங்கே ஊர்ந்து போகிறது என்று பார்த்தபடியே இருப்பார். "மாமா, புழுவோட குடும்பம் நடத்தறீங்களா?" என்று மாடியிலிருந்து கத்துவேன். அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார். மருந்து வைக்க அவர் சம்மதிக்கவே இல்லை. எங்கள் வரிசையிலேயே இருக்கும் டிரைவர் வீட்டில் சர்க்கரையில் மருந்தைக் கலந்து வைத்தார்கள். ஈ செத்தது. செத்த ஈயைப் பொறுக்கித் தின்ற வாத்தும் செத்தது.

"ஈயை அடிச்சு முடியாதும்மா. ஈரத்தை அடிக்கணும்" என்றார் என்னிடம்.

அப்படியேதான் செய்தார். தண்ணீர்த் தொட்டியைக் கம்பிச் சட்டத்தின் மேல் ஏற்றினார். சிந்துகிற தண்ணீர் இறங்கிப்போக, அடியில் குழி வெட்டி ஜல்லி போட்டார். நனைந்த வைக்கோலை அன்றன்றே வாரிவிட்டு, மரத்தூளும் சாம்பலும் தூவினார். வாரியதையெல்லாம் வேலிக்கு வெளியே மண்மேட்டில் குவித்து, நெருக்கி மிதித்து, மேலே தார்ப்பாயை இழுத்து மூடி, சுற்றிலும் செங்கல் வைத்தார். குவியலின் நடுவில் கை வைத்தால் சுடும். அந்தச் சூட்டில் புழு வெந்துவிடும். ஆனால் ஓரத்தில் சூடு ஏறாது. தப்பிக்கிற புழு அங்கேதான் ஓடி வரும். அதனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் ஓரத்தை மண்வெட்டியால் வெட்டி நடுவில் போடுவார். அந்த ஒரு வேலையை மட்டும் மழை பெய்தாலும் விடமாட்டார்.

ஈ குறைந்தது. பிறகு இல்லவே இல்லை என்று சொல்லும்படி ஆயிற்று. நர்ஸம்மா தொட்டிலின் வலையை அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். டிரைவரின் மனைவி மாமாவைக் கூப்பிட்டுத் தன் பட்டியைக் காட்டினாள். அடுத்தது மளிகைக்காரர். கொஞ்ச நாளில் எல்லா வீட்டு வைக்கோலும் எச்சமும் மாமாவின் குவியலுக்கே வர ஆரம்பித்தன. ஈயோட்டி என்ற பெயர் மாறாமல் அர்த்தம் மட்டும் மாறிவிட்டது. "ஈயோட்டி அண்ணன்கிட்ட கேளு", "ஈயோட்டி அண்ணன் வந்து பாத்துட்டாரா?" என்று மரியாதையாகச் சொன்னார்கள். சந்தைக்குக் கிளம்பும்போது மாமா சட்டையைத் தேய்த்துப் போட ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நாலு பேர் மதித்தார்கள். அவருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். அதைப் பறிகொடுத்தால் மறுபடி சம்பாதிக்கிற வயசும் இல்லை.

கோடை வந்தது. மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. அதே சமயத்தில் எங்கோ தள்ளி ஒரு ஊரில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் சொன்னார்கள். வெள்ளை உடுப்பு ஆட்களையும் காட்டினார்கள். அக்கா எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு விடியற்காலையில் அக்காவின் வாத்து ஒன்று பட்டியின் மூலையில் செத்துக் கிடந்தது. வயசானதுதான், வெயிலும் கடுமை. வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டு எரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டைகள்தான். எரித்தால் புகை வரும், கொல்லையில் குழி வெட்டினால் நர்ஸம்மா தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துவிடுவாள். ஒரு வாத்து செத்தது என்று வெளியே தெரிந்தால் மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் திறந்து பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. தார்ப்பாயைத் தூக்கினாள். நடுவில் கை வைக்க முடியாத சூடு. ஓரத்தைத் தோண்டி உள்ளே தள்ளி மூடினாள். இதெல்லாம் பிறகு அவள் வாயாலேயே என்னிடம் சொன்னது.

அன்றைக்கு மாமாவிடம் போய், "இடுப்பு சரியாகிற வரைக்கும் குவியலை நானே பாத்துக்கறேங்க" என்றிருக்கிறாள்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க அக்கா குவியல் பக்கமே வராதவ. இப்ப மண்வெட்டியைக் கையில எடுத்துட்டா, பாத்தியா!" என்று மாடிப்படிக்குக் கீழே நின்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். புருஷன் பெருமைப்பட்டதைப் பார்த்த பிறகாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பச்சை ஈயை முதலில் பார்த்தது நான்தான். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையின் மேல் வந்து உட்கார்ந்தது. கண்ணாடி வளையல் உடைசல் மாதிரி மினுமினுப்பு. தட்டிவிட்டேன், மறுபடி வந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்து, அதையே உற்றுப் பார்த்தபடி நின்றார்.

"இது நம்ம ஈ இல்லை" என்றார்.

"ஈயில நம்மது, பிறத்தியாரதுன்னு வேற இருக்கா?"

"எச்சத்துல வர்றது சாம்பல் நிறமா இருக்கும். இது பச்சை. இது பொணத்துல வர்றது." ஜன்னல் வழியாகக் குட்டையைப் பார்த்தார். "எங்கேயோ எதுவோ செத்துக் கிடக்கும்மா."

அன்றிலிருந்து மாமா தேட ஆரம்பித்தார். சாக்கடை மூடிகளைத் தூக்கிப் பார்த்தார். அந்த இடுப்போடு டிரைவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார். விறகடியில் எலி செத்திருக்கிறதா என்று கிளறினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "உங்க வீட்டுல ஏதாவது செத்துப்போச்சா?" என்று கேட்டார். காலங்காத்தால கடை திறக்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது? மளிகைக்காரர் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் யாரும் சாகலை, செத்தா சொல்லி அனுப்பறேன்" என்றார். தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அக்காவிடமும் கேட்டார். நான் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வாத்தெல்லாம் நல்லா இருக்கா?"

"ம். இருக்கே" என்றாள் அக்கா.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வாத்து அவளுடையது. அவள் சொன்னால் சரி.

ஆனால் பச்சை ஈ பெருகிக்கொண்டே போயிற்று. துணி காயப்போட்ட கயிற்றில் வரிசையாக உட்கார்ந்தது. நர்ஸம்மா வலையை எடுத்து மறுபடி கட்டினாள். குட்டைக்குப் போகிற வாத்துகள் இப்போதெல்லாம் தண்ணீரில் அதிகம் தங்கவில்லை. எல்லா வீட்டு வாத்தும் மண்மேட்டில் ஏறி, தார்ப்பாயின் ஓரத்தில் அலகை நுழைத்து நுழைத்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. நான் மேலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் மெஷினை மிதித்தேன். வாத்து மேய்கிறது என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

முதலில் விழுந்தது மளிகைக்காரர் வீட்டு வாத்து. காலையில் நொண்டியது. மத்தியானம் உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் சிறகு இரண்டும் தொங்கிப்போய், கழுத்து மட்டும் தரையில் நீண்டு கிடந்தது. தலையைத் தூக்கிவிட்டால் பொத்தென்று விழும். கண் மட்டும் திறந்தே இருந்தது. ஆள் நடந்தால் ஆள் பின்னாலேயே அந்தக் கண் நகர்ந்தது. மறுநாள் டிரைவர் வீட்டில் ஒன்று, நர்ஸம்மா வீட்டில் ஒன்று. தண்ணீர்த் தொட்டியோரம் விழுந்த ஒன்று, தலையைத் தூக்க முடியாமல் ஒரு சாண் தண்ணீரில் மூழ்கிச் செத்தது. வாத்து தண்ணீரில் மூழ்கிச் சாகுமா? எங்கள் தெருவில் செத்தது.

அக்கா வீட்டிலும் விழுந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெரு விழிக்கும் முன்பே விழுந்ததைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துப்போய், அதே ஓரத்தைத் தோண்டினாள். மறுபடி ஒன்று விழுந்தபோது மறுபடியும் அதேதான். எதை மறைத்தாளோ அதுதான் மற்றதையெல்லாம் கொன்றுகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்து செய்ததாக நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஒரு காலையில் தெருவே எங்கள் கொல்லைக்குள் வந்துவிட்டது. மளிகைக்காரர் முன்னால், டிரைவரின் மனைவி பின்னால், குழந்தையோடு நர்ஸம்மா. நான் படியிறங்கி ஓடினேன்.

"மாட்டு டாக்டருக்குச் சொல்லியிருக்கேன். கிளம்பிட்டாராம்" என்றாள் நர்ஸம்மா. அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மளிகைக்காரர் நேரே மாமாவிடம் வந்தார். "எல்லா வாத்தும் உன் குவியல் ஓரத்துலதான் மேயுது. மேய்ஞ்சதெல்லாம் விழுது. உள்ள என்னய்யா வெச்சிருக்கே?"

மாமாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். காது மடல் சிவந்துவிட்டது.

"என் குவியலையா சொல்றீங்க? வாங்க. எல்லாரும் வாங்க. இதுல ஒரு புழுவை எடுத்துக் காட்டுங்க, அப்புறம் இந்தத் தெருவுல நான் தலை நிமிந்து நடக்கலை."

வேலியைத் தாண்டி, இடுப்பை மறந்து, தார்ப்பாயின் ஓரத்துச் செங்கல்லை எடுக்கக் குனிந்தார். அக்கா ஓடிவந்து அந்தச் செங்கல்லின் மேல் காலை வைத்தாள்.

"வேண்டாங்க."

"காலை எடு."

"உங்களுக்கு இடுப்பு வலிங்க. நான் அப்புறம்... வேண்டாங்க."

குனிந்தபடியே மாமா அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று நினைக்கிற அளவுக்கு நேரம் அப்படியே நின்றார். பச்சை ஈ, சாக்கடை மூடிகள், மண்வெட்டியைக் கையில் எடுத்த பொண்டாட்டி எல்லாம் அந்த நேரத்தில்தான் அவர் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு முழங்காலில் கையை ஊன்றி நிமிர்ந்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார் மளிகைக்காரரிடம்.

"என்னத்தைப் போட்டே?"

"செத்த வாத்தை. ஆபீஸ்ல தெரிஞ்சா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து, நான்தான் உள்ள போட்டு மூடினேன்."

உள்ளே ஒன்று கிடக்கிறதா, பத்து கிடக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு அக்காவின் காலை மெல்ல நகர்த்தி, செங்கல்லை எடுத்து, தார்ப்பாயைத் தூக்கினார்.

அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. பச்சை ஈ கும்பலாகக் கிளம்பி எங்கள் முகத்தில் மோதியது. ஓரம் முழுக்கப் புழு. அடியில் கிடந்ததெல்லாம் வாத்து என்று சிறகை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அன்று காலையில் போட்டது முழுசாகக் கிடந்தது. கழுத்து மடங்கியிருந்தது. நர்ஸம்மாதான் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, இது கண்ணைச் சிமிட்டுது" என்றாள்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, வெறும் சத்தம். எல்லோரும் மாமாவைத்தான் பார்த்தார்கள். மளிகைக்காரர் துப்பினார். "உயிரோட இருக்கிறதைப் போட்டு மூடியிருக்கான். நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்றார். மாமா குனிந்தார். அந்த வாத்தை இரண்டு கையாலும் எடுத்து, தலை தொங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

டாக்டர் பழைய பைக்கில் வந்தார். வெள்ளை உடுப்பும் இல்லை, மூட்டையும் இல்லை. தோளில் ஒரு பை, அவ்வளவுதான். விழுந்த வாத்துகளைத் தூக்கிப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"இது காய்ச்சல் மாதிரி தெரியலை. சந்தேகத்துக்கு ஒண்ணை எடுத்துட்டுப் போய்ப் பரிசோதிக்கறேன். செத்த உடம்புல நெளியற புழுவுக்குள்ள விஷம் இருக்கும். புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அதைத் தின்ன வாத்துக்குக் கழுத்து விழும். அது செத்தா அதுல புழு. அந்தப் புழுவைத் தின்னு அடுத்தது." தார்ப்பாயைக் காலால் தள்ளினார். "முதல்ல செத்ததை அன்னிக்கே எரிச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். யாரும் எதையும் அள்ளிட்டுப் போயிருக்க மாட்டாங்க."

பரிசோதனையிலும் காய்ச்சல் இல்லை என்றே வந்தது. ஆனால் டாக்டர் கொல்லையில் நின்று அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை என் அறைக்கு வந்து, என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, முதல் வாத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "செத்துப்போச்சுன்னுதான்டி நினைச்சேன். கண்ணு திறந்திருந்துச்சு, ஆனா அசையவே இல்லைடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. நாளைக்கே தெருவில் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நம்பினேன்.

நாளை வந்தது. பல நாளைகள் வந்தன.

குவியலின் ஓரத்தை வெட்டி எரித்தார்கள். தெருவில் மிஞ்சிய வாத்துகள் கொஞ்சம்தான். மாமா எடுத்த வாத்தை அவர் விடவே இல்லை. கழுத்தை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகில் விடுவார். சந்தை வேலைக்கு நேரமாகும், அப்போதும் உட்கார்ந்திருப்பார். அது பிழைத்தது. அதற்காக யாரும் அவரை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அதன் பிறகு எந்த வீட்டிலும் அவரைப் பட்டிக்குள் விடவில்லை. ஒருநாள் பழக்கதோஷத்தில் மண்வெட்டியோடு டிரைவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். "நாங்களே பாத்துக்கறோங்க" என்று கதவைச் சாத்திவிட்டாளாம் அந்த அம்மாள். நர்ஸம்மா அவரைக் கண்டால் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வீடு வைக்கோல் மறுபடி ஊற ஆரம்பித்தது. சாம்பல் நிற ஈ திரும்பி வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? இப்பவாவது சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்."

"நீ சொல்லக் கூடாது" என்றார் உடனே. "அவ பேரு கெட்டா அவகிட்ட முட்டை யாரு வாங்குவாங்க? எனக்குப் பேரு கெடறது பழக்கம்தான்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "கொஞ்சம் போகட்டும்மா. அவளே சொல்லுவா. உங்க அக்காவைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவர் காத்திருந்தார். அது எனக்குத் தெரியும். அக்கா சுவரோரம் நர்ஸம்மாவிடம் பேசப் போகும்போதெல்லாம் அவர் கை வேலையை நிறுத்திவிடும்.

முதலில் தெருக்காரர்கள் அவரைத் திட்டும்போது அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். பிறகு பெருமூச்சு விட ஆரம்பித்தாள். அப்புறம் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "நான் சொன்னா எங்கேம்மா கேக்கறார்?" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். நர்ஸம்மா, "உங்களுக்குத்தான் பாவம்" என்றாள். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

போன வாரம் கீழே போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் மூன்று பேர்தான். வாசல் சாத்தியிருந்தது, கேட்க வெளியாள் யாரும் இல்லை. பிழைத்த அந்த வாத்து கதவருகே வந்து, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தபடி நின்றது. அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கள்ளம் துளியும் இல்லை, வருத்தம் மட்டும்தான் இருந்தது.

"நானும் கேக்கணும்னே இருக்கேன்" என்றாள். "உயிரோட இருக்கிறதைப் போட்டு மூட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

மாமா அவளையே பார்த்தார். அவள் விளையாடவில்லை என்பது அவருக்கும் புரிந்தது. வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"செத்துப்போச்சுன்னுதான் நினைச்சேன்" என்றார்.

"நினைச்சா போதுமா?" என்றாள் அக்கா. "தொட்டுப் பாக்க வேண்டாமா?"

"தப்புதான்" என்றார் மாமா.

அக்கா சமாதானமாகி, அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.